பைத்தானில் எண்களை எஞ்சினியரிங் நொட்டேஷனில் காட்டுவது எப்படி?

47,000 ஓம் ரெசிஸ்டரின் மதிப்பை 'இ' ஃபார்மேட்டில் அச்சிட்டால் பைத்தான் 4.700000இ+04 (அதாவது 4.7 × 10⁴) என்று தரும். சர்க்யூட் வேலை செய்பவருக்கு வேண்டியது 47 கிலோ ஓம். அதாவது அடுக்கு 3-இன் மடங்காகவும், முன்னால் நிற்கும் எண் 1 முதல் 1000-க்குள்ளும் இருக்க வேண்டும். ஃப்ளோட் ஃபார்மேட் குறிகளில் இதற்கென்று எதுவும் இல்லை.

டெசிமல் மாட்யூலில் டு_இஎன்ஜி_ஸ்ட்ரிங் இருக்கிறதே என்றால், அதை நம்பி இறங்க முடியாது. 0.00000047-ஐ 470இ−9 என்று சரியாகத் தரும், 47000-ஐயும் 0.047-ஐயும் தொடாமல் அப்படியே விட்டுவிடும். சாதாரணமாக அடுக்கு போட்டுக் காட்டும் எண்களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும்.

பலரும் லாக்10 எடுத்து, அதைக் கீழுள்ள முழு எண்ணாக்கி, 3-ஆல் முழு எண்ணாக வகுத்து, திரும்ப 3-ஆல் பெருக்கி அடுக்கைக் கண்டுபிடிப்பார்கள். பூஜ்ஜியம் வந்தால் லாக் எர்ரர் அடிக்கும். அதைவிட மோசமானது ரவுண்டிங்: 999600-க்கு அடுக்கு 3 என்று கணக்காகி, 999.6 கையில் நிற்கும். அதை மூன்று முக்கிய இலக்கத்துக்குச் சுருக்கினால் 1000 கிலோ. வரவேண்டியது 1.00 மெகா.

ஆகவே முதலில் ரவுண்ட் செய்துவிட்டு, பிறகு அடுக்கைப் பாருங்கள். இன்ஃபினிட்டி, என்ஏஎன் (எண் அல்லாத மதிப்பு) இரண்டையும் தொடக்கத்திலேயே தனியாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவற்றின் ஸ்ட்ரிங்கில் பிரிப்பதற்கு 'இ' இருக்காது. மற்ற எண்களில் கழித்தல் குறியை எடுத்து வைத்துவிட்டு (விட்டால் புள்ளி ஓரிடம் தவறி விழும்), புள்ளிக்குப் பின் 2 இலக்கம் என்று 'இ' ஃபார்மேட்டில் ஸ்ட்ரிங்காக மாற்றுங்கள். 0.0471 இப்போது 4.71இ−02. 'இ'-யில் பிரித்தால் அடுக்கு −2. அதை 3-ஆல் வகுத்த மீதி 1. புள்ளியை வலப்பக்கம் அத்தனை இடம் நகர்த்தினால் 47.1. அடுக்கிலிருந்து அதே 1-ஐக் கழித்தால் −3. விடை 47.1 மில்லி. 999600 இந்த வழியில் 1.00இ+06 ஆகவே வந்து நிற்கும், பூஜ்ஜியமும் சிக்கலில்லாமல் போகும்.

பைத்தானில் −2-ஐ 3-ஆல் வகுத்த மீதி 1. சி, ஜாவாவில் அது −2. அங்கே எழுதுபவர்கள் மீதியோடு 3 கூட்டி, இன்னொருமுறை மீதி எடுக்க வேண்டும்.

மூன்றுக்குக் குறைவான முக்கிய இலக்கம் கேட்டால் நகர்த்த இலக்கம் போதாது. வலப்பக்கம் பூஜ்ஜியம் நிரப்புங்கள். 4.7இ−07 என்பது 470 நானோ ஆகும், ஆனால் கடைசிப் பூஜ்ஜியம் அளந்து கிடைத்ததல்ல.

கிலோ, மில்லி போன்ற முன்னொட்டுகளை அடுக்கைச் சாவியாக வைத்த ஒரு டிக்ஷனரியில் போட்டால் போதும். மில்லிக்குச் சின்ன 'எம்', மெகாவுக்குப் பெரிய 'எம்'. மாறினால் 10⁹ மடங்கு பிழை. மைக்ரோ குறி யூனிகோடில் இரண்டு இடத்தில் இருக்கிறது: 181 மைக்ரோ குறி, 956 கிரேக்க மியூ. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. உள்ளீட்டிலிருந்து திரும்ப வாசிக்கும் நிரல் இரண்டையும் ஏற்க வேண்டும். வரைபட அச்சுக்கு மட்டும் தேவையென்றால் இத்தனையும் வேண்டாம். மேட்பிளாட்லிப்பில் எஞ்ச்ஃபார்மேட்டர் தயாராகவே இருக்கிறது.