இரைப்பை கேன்சர் ஆபரேஷன்: வயித்தைக் கழுவிப் பாக்குற டெஸ்ட்ல நடக்குற தப்புகள்

சிடி ஸ்கேன் க்ளீன், அதனால வயித்துக்குள்ள எங்கயும் பரவலன்னு முடிவு பண்றதுதான் பெரிய தப்பு. இரைப்பைச் சுவரோட வெளிப்பக்கம் வரைக்கும் கேன்சர் வந்துட்டா அங்கிருந்து செல்லு செல்லா உதிர்ந்து, இரைப்பைக்கு வெளிய வயித்துக் குழிக்குள்ள மிதக்கும், அது ஸ்கேன்லயும் தெரியாது, லேப்ராஸ்கோப்பில (சின்ன துளை வழியா விடுற கேமரா) பாக்குற சர்ஜன் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் குழிக்குள்ள சலைன் (உப்புத் தண்ணி) விட்டுக் கலக்கி, திரும்ப உறிஞ்சி எடுத்து, மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் உண்டு, இதுதான் கழுவிப் பாக்குற டெஸ்ட். அதுல கேன்சர் செல் இருந்துச்சுன்னா, வேற எங்கயும் கட்டி தெரியலன்னாலும் ஸ்டேஜ் 4 தான். ரொம்ப ஆரம்பத்துல, இரைப்பையோட உள்பக்கச் சவ்வோட நிக்கிற கேன்சருக்கு இது தேவைப்படாது.

அடுத்தது, எப்ப எடுக்குறாங்கங்குறது. உள்ள போன உடனே, கட்டியில கை வைக்குறதுக்கு முன்னாடி எடுக்கணும். கட்டியைப் புரட்டி, லிம்ப் நோடெல்லாம் (நிணநீர் முடிச்சுகள்) வெட்டினதுக்கு அப்புறம் எடுத்தா அந்த செல்லு முன்னாடியே இருந்ததா இப்ப சிந்தினதான்னு எப்படி சொல்றது? ரத்தமும் கலந்துடும்.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு. சாம்பிளை சரியாவே எடுத்திருப்பாங்க, ஆனா ரிப்போர்ட் வரும்போது இரைப்பையே வெளிய வந்திருக்கும். முதல்ல கீமோ குடுத்திருக்கலாமேன்னு அப்ப யோசிச்சு என்ன புண்ணியம்? அதனாலதான் தனியா ஒரு நாள் சின்ன லேப்ராஸ்கோப்பி பண்ணி, ரிப்போர்ட் பாத்துட்டு பெரிய ஆபரேஷனை முடிவு பண்ணுங்கன்னு சொல்றாங்க. தேதி குறிக்கும்போதே இதை டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க.

கட்டி இருக்குற இடத்துல மட்டும் கொஞ்சூண்டு சலைன் விட்டு எடுக்குறதும் பத்தாது, அடிவயித்துப் பள்ளத்துலயும் உதரவிதானத்துக்குக் கீழயும் எடுக்கணும், ஏற்கனவே நீர் கோத்திருந்தா அந்த நீரையே அனுப்பணும். எடுத்த பாட்டில் தியேட்டர்லயே கிடந்தா செல்லு சிதைஞ்சிடும். லேப்லயும் கஷ்டம் இருக்கு, வயித்து உறையோட சாதாரண செல்லே வீக்கத்துல உருமாறி கேன்சர் மாதிரி தெரியும், அதனால சந்தேகம்னா சிறப்பு ஸ்டெயின் (செல்லுக்கு ஏத்துற சாயம்) போட்டுத்தான் சொல்லணும்.

நெகட்டிவ் வந்துட்டா இனி திரும்பவே வராதுன்னு நிம்மதியா ஃபாலோ அப்பை விட்றாதீங்க, குறைவா இருக்குற செல்லு தப்பிடும். பாசிட்டிவ்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு கையை விரிக்குறதும் தப்புதாங்க, கீமோவுக்கு அப்புறம் மறுபடி கழுவிப் பாத்து நெகட்டிவ் ஆனவங்கள்ல சிலருக்கு ஆபரேஷன் பண்றாங்க, அப்படி மாறினவங்க மாறாதவங்களை விட அதிக நாள் இருக்காங்க.