பிக்கப் தரையில் ஓட்டையா? மேலே தகரம் ஒட்டாதீர்கள், வெட்டி மாற்றுங்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றும் பழைய பிக்கப்புகளில் கேபின் தரை பெரும்பாலும் டிரைவர் கால் வைக்கும் இடத்தில்தான் அரிக்கும். ஐஸ் தண்ணீரில் நனைந்த காலோடு ஏறி இறங்குவதில் ரப்பர் மேட்டுக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கும். மேட்டைத் தூக்கிப் பார்க்காதவரை எதுவும் தெரியாது. தெரியும்போது கீழே ரோடு தெரியும்.

பட்டறைகளில் இதற்கு வழக்கமாகச் செய்வது, ஓட்டைக்கு மேல் ஒரு தகரத்தை வைத்து நாலு டாக் (புள்ளி வெல்டிங்) அடித்து, தார் பூசி அனுப்பிவிடுவது. பழைய துருவும் புதுத் தகரமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அந்தச் சந்தில் உப்பு ஈரம் காயவே காயாது. புதுத் தகரம் அடியிலிருந்து அரிக்க ஆரம்பிக்கும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்காத எந்த ரிப்பேரும் அடுத்த ஐப்பசி மழையைத் தாண்டாது.

சீட், மேட், தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் எல்லாவற்றையும் எடுங்கள். பழைய திருப்புளியால் அரை இஞ்சுக்கு ஒரு குத்து. டங்கென்று கேட்டால் தகரம் இருக்கிறது. மந்தமாகக் கேட்டால், பொருக்காக உதிர்ந்தால், அந்த இடம் போய்விட்டது. சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். பெடலுக்கு அடியிலும், கதவுப் படி ஓரத்திலும், சீட் போல்ட்டைச் சுற்றியும் விடாமல் தட்டிப் பாருங்கள். பொலிரோ பிக்கப், டாடா 207 போன்றவற்றில் கேபின் தனி, சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனி. கேபின் உட்காரும் ரப்பர் புஷ் இடங்கள் உளுத்திருந்தாலோ, சேஸ் இரும்பு அடுக்கடுக்காக உப்பியிருந்தாலோ அதோடு நிறுத்துங்கள். அது டிங்கர் வேலை இல்லை, சேஸ் வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டியது.

வெட்டுவதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் முன்கண்ணாடி மேல் குழாயைப் பிடிக்கட்டும். கண்ணாடி ரப்பர், பெடல் பக்கத்தில் ஒயரும் கேபிளும் நுழையும் ரப்பர் வளையம், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் கதவுக்குள் நிறைந்து தரைக்கு வழியும். ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும்.

தகரம் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகரம்). சதுர அடிக்கு ஏறக்குறைய 900 கிராம் வரும்; ஒரு பக்கக் கால் இடத்துக்கு மூன்று சதுர அடி, சுமார் 2.7 கிலோ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று ஆசைப்பட வேண்டாம். வெல்டிங் சூட்டில் எழும் துத்தநாகப் புகை இரவில் குளிர் காய்ச்சலைக் கொடுக்கும், வெல்டிங் பற்றும் சரியாக ஏறாது. அலுமினியத்தை ரிவெட் அடித்தால் உப்பு ஈரத்தில் இரும்போடு சேர்ந்து அலுமினியமே முதலில் கரையும்.

பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். கீழே படுத்து டீசல் குழாய், பிரேக் பைப், ஒயரிங் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நகர்த்துங்கள், நகராததை ஈரச் சாக்கால் மூடுங்கள். 4 இஞ்ச் கட்டிங் வீலால், கோட்டுக்கு வெளியே இரண்டு இஞ்ச் தள்ளி நேர்கோட்டில் வெட்டுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள். கூர்மூலையில்தான் பின்னால் விரிசல் கிளம்பும். அளவெடுக்கப் பழைய காலண்டர் அட்டையைவிட நல்ல பொருள் இல்லை. அட்டையை வைத்து வளைத்து, சரியாக உட்கார்ந்த பிறகு சுற்றிலும் 15 முதல் 20 மி.மீ. கூடுதல் விட்டுத் தகரத்தில் வரையுங்கள். பழைய தரையில் இருந்த மடிப்புக் கோடுகளை ஒரு பைப்பின் மேல் வைத்துத் தட்டியாவது கொண்டுவாருங்கள். மொட்டைத் தகரம் கால் வைக்கும்போதெல்லாம் டப்பா மாதிரி அடிக்கும், அந்த ஆட்டத்திலேயே வெல்டிங் விடும்.

வெல்டிங்குக்கு 0.8 மி.மீ. ஒயர் போட்ட சி.ஓ.டூ மெஷின் (ஒயரோடு கரியமில வாயுவும் வந்து பற்றைக் காற்றிலிருந்து காக்கும்). ராடு வெல்டிங் இந்தத் தடிமனைப் பொத்துக்கொண்டு போகும், கேஸ் வெல்டிங்கில் தரை அலை அலையாக வளையும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் திறந்த வெளியில் வேலை பார்ப்பவர்கள் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். கடல்காற்று எழுந்துவிட்டால் அந்தக் காக்கும் கேஸை அள்ளிக்கொண்டு போகும், பற்று தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். முடியாதென்றால் தார்பாய் கட்டுங்கள். முதலில் நாலு மூலையில் டாக். பிறகு ஒரு இஞ்சுக்கு ஒன்று, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி. கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் வளைந்து எழும்பிவிடும். பக்கத்தில் ஒரு ஆளும் வாளித் தண்ணீரும் கட்டாயம். தார் ஷீட் மிச்சம் எங்கோ புகைந்துகொண்டிருக்கும், முடித்து அரை மணி நேரமாவது வண்டியை விட்டு நகராதீர்கள்.

பிரைமருக்கு முன் தரையைக் கழுவுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துருவின் குழிகளில் உப்பு ஒளிந்திருக்கும், அதன் மேல் எந்தப் பெயிண்டும் கொப்பளிக்கும். கழுவ மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எடுங்கள். கடலோரத்துப் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கழுவி என்ன பயன்? ஏர் அடித்து நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் ஏற்றுங்கள். நம் காற்றில் வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சளாக நிற்கும். அரை லிட்டர் போதும். பிரைமர் காய்ந்த பிறகு, தகரம் தகரத்தோடு சேரும் விளிம்பில் மேலும் கீழும் பி.யூ. சீலண்ட் (சந்தை அடைக்கும் ரப்பர் போன்ற பசை), அதற்கு மேல் பெயிண்ட், அடிப்பக்கம் தார் கோட்டிங். இந்த வரிசை மாறக் கூடாது. பட்டி பூசி மட்டம் செய்யும் வேலையைத் தரையில் வைத்துக்கொள்ளாதீர்கள், பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

தரையில் பழையபடி ரப்பர் மூடி போட்ட வடிகால் ஓட்டை இருந்தால் புதுத் தகரத்திலும் அதை வையுங்கள். மேட்டுக்கு அடியில் இருந்த பஞ்சுத் துணியை மட்டும் திரும்பப் போடாதீர்கள். முதல் மழை பெய்த மறுநாள் மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணாடிப் பக்கமிருந்து ஈரக்கோடு இறங்கியிருந்தால் குறை வெல்டிங்கில் இல்லை, கண்ணாடி ரப்பரில்.