நம்ம பைலாவையும் பொப்பையும் கரோக்கே கேமுக்குள்ள போடுறது எப்பிடி

சிங்ஸ்டார்னு சோனி 2004ல பிளேஸ்டேஷன் 2க்கு விட்ட பாட்டு கேம் பலபேருக்கு தெரிஞ்சிருக்கும், மைக்க புடிச்சு பாடுனா மார்க்ஸ் போடும். ஹிந்தி பாட்டுக்குனே 2007ல பொலிவூட் டிஸ்க் ஒன்னு வந்திச்சு. நம்ம இலங்கை பாடகருங்க ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்து தமிழ் பொப்போ, கல்யாண வீட்டுல ஆடுற சிங்கள பைலாவோ வேணும்னா கடை கடையா டிஸ்க் தேடி நேரத்த வீணாக்காதீங்க, சிங்ஸ்டாரோட ஒன்லைன் கடையையும் 2020 ஜனவரியோட மூடிட்டாங்க. அல்ட்ராஸ்டார் டீலக்ஸ்னு ஃப்ரீ சொஃப்ட்வெயார் இருக்கு, பழைய லெப்டொப்லயும் ஓடும், அதுல நம்ம பாட்ட நாமளே போட்டுக்கலாம்.

முதல்ல மைக். பழைய சிங்ஸ்டார் வயர் மைக் ஜோடி எங்கயாவது கெடைச்சா விடாதீங்க, யூஎஸ்பில குத்துனா போதும். கம்பியூட்டருக்கு அது ஒரே டிவைஸா தெரியும், இடது சேனல் ஒரு மைக், வலது சேனல் மத்தது, அதனால ரெக்கோர்டிங் செட்டிங்ல போய் ஒரு சேனல முதல் ஆளுக்கும் மத்தத ரெண்டாவது ஆளுக்கும் குடுக்கணும். இத செய்யாம மைக் பழுதுனு தூக்கி வச்சவங்க நெறைய பேரு. புளூடூத் பொக்ஸ் மட்டும் வேணாம், சத்தம் லேட்டாதான் வரும், கேட்டுக்கிட்டு பாடுறவங்க மார்க்ஸும் போயிடும், வயர்லயே கொழுவுங்க.

அடுத்தது மழை. தோட்டத்து லயன் வீட்டுல தகரக் கூரை மேல மழை கொட்டுனா மைக் அதையும் புடிக்கும், யாரும் வாய தொறக்காமலே ஸ்கிரீன்ல கோடு ஓடும். அதே ரெக்கோர்டிங் செட்டிங்ல த்ரெஷோல்ட்னு ஒன்னு இருக்கு, அத கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, சின்ன சத்தத்த கணக்குல எடுக்காது. மைக்க வாய்க்கு கிட்ட வச்சு பாட சொல்லுங்க. நுவரெலியா பக்கம் அடிக்கிற மழைக்கு அதுவும் சரிவராது, அன்னைக்கு கேரம் ஆடுங்க.

இனி பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எம்பி3யும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும். டெக்ஸ்ட் ஃபைல்ல மேல பாட்டு பேரு, பாடுனவர் பேரு, எம்பி3 பேரு, பிபிஎம் (பாட்டோட வேகம், நிமிஷத்துக்கு எத்தன அடினு), கேப். அதுக்கு கீழ ஒவ்வொரு அசைக்கும் ஒரு வரி, எப்ப தொடங்குது, எவ்வளவு நீளம், என்ன சுருதி, எழுத்து என்ன, அவ்வளவுதான். கேப்ங்கிறது முதல் அசை வரைக்கும் எவ்வளவு நேரம்ங்கிறது, மில்லிசெகண்ட்ல. ஓடாசிட்டினு சவுண்ட் எடிட் பண்ற சொஃப்ட்வெயார்ல பாட்ட தொறந்து பாருங்க, குரல் 12.4 செகண்ட்ல தொடங்குனா 12400 போடணும். இது பிசகுனா முழுப் பாட்டும் பிசகும்.

பிபிஎம்லதான் பைலாக்காரங்க மாட்டுவாங்க. பைலா ஆறெட்டு தாளம், ஒரு அடிக்குள்ள மூனு தட்டு. கேம் ஒரு அடிய நாலாத்தான் பிரிக்கும், மூனு எப்பிடி நாலுல உக்காரும், சொல்லுங்க? அதனால கால் தட்டுற வேகம் நிமிஷத்துக்கு 120னா ஃபைல்ல 180 போடுங்க, கேம் அத நாலா பிரிச்சா நிமிஷத்துக்கு 720 கட்டம், 120 அடிக்கு பங்கு போட்டா ஒரு அடிக்கு 6 கட்டம் கெடைக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டு கட்டம், அழகா உக்காரும். 360 போட்டா இன்னும் நைஸா வரும், பழைய டேப்ல இருந்து எடுத்த பாட்டு வேகம் கூடி கொறையும் இல்லையா, அதுக்கும் 360தான் நல்லது.

அசைய தட்டி தட்டி பதிய அல்ட்ராஸ்டார் கிரியேட்டர்னு ஒரு டூல் இருக்கு, வரிய பிரிச்சு குடுத்துட்டு பாட்டு ஓட ஓட கீய அமுக்கணும். முழுப் பாட்டையும் ஒரே இரவுல முடிக்க நெனைக்காதீங்க, பல்லவிய மட்டும் செஞ்சு கேம்ல போட்டு பாருங்க, சரியா ஓடுனா அப்புறம் மிச்சம். சுருதிய பிறகு எடிட்டர்ல ஏத்தி எறக்கிக்கலாம். ஒரு எழுத்த இழுத்து வேற சுருதிக்கு போறாங்கனா அடுத்த நோட்ல (அதாவது அடுத்த அசை வரில) எழுத்துக்கு பதிலா அலைக்கோடு (~) போடணும். பைலா நடுவுல வர்ற பேச்சு, கூச்சல் எல்லாம் ஃப்ரீஸ்டைல் நோட்டா போடுங்க, அதுக்கு மார்க்ஸ் இல்ல, யாரு வேணும்னாலும் கத்தலாம்.

ஃபைல யூடிஎஃப்-8ல சேவ் பண்ணுங்க. அப்பவும் தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வந்தா மல்லுக்கட்ட வேணாம், மெசேஜ் அனுப்புற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிருங்க, எல்லாரும் வாசிப்பாங்க.

மார்க்ஸ் 10,000க்கு. கேம் சுருதியத்தான் பாக்கும், வார்த்தைய பாக்காது, ம்ம்ம்னு முனகுனாலும் மார்க்ஸ் வரும், வீட்டு சின்னப் புள்ளைங்க இத சீக்கிரமே கண்டுபுடிச்சிருவாங்க. ஸ்தாயியையும் பாக்காததுனால தாத்தா கீழ்க்குரல்லயும் பேத்தி மேல்குரல்லயும் ஒரே பாட்ட பாடி போட்டி போடலாம். ஈஸில வச்சா ரெண்டு அரைச்சுரம் விலகுனாலும் மன்னிச்சிரும், ஹார்ட்ல மன்னிப்பே இல்ல. தீவாளிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்கப்ப ஈஸிலயே வைங்க, மாமா கோவிச்சுக்கிட்டு போனா யாரு சமாதானம் பண்றது.

பக்கத்து தோட்டத்து ஆளுக்கு குடுக்கிறதுனா ஃபோல்டரோட பென் டிரைவ்ல கொப்பி பண்ணுங்க, எம்பி3 பேர மட்டும் மாத்தாதீங்க, மாத்துனா டெக்ஸ்ட் ஃபைலுக்குள்ளயும் மாத்தணும், இல்லனா பாட்டு ஓடாது.