ராட்செட் வழுக்கியது ஏன்? – என் அனுபவம்

காரின் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்ற உட்கார்ந்தவன், ஒரே ஒரு 14 எம்எம் போல்ட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். 600 ரூபாய்க்கு வாங்கிய இறக்குமதி ராட்செட் (ஒரு பக்கம் திருப்பினால் போல்ட்டைப் பிடித்து, மறுபக்கம் சும்மா சுழலும் கைப்பிடி), கையில் சுற்றினால் நன்றாக இருக்கும். போல்ட்டில் மாட்டி அழுத்தினால் சறுக்கென்று வழுக்கும்.

ராட்செட்டில் பொருத்தி போல்ட் தலையில் மாட்டும் சாக்கெட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து புதிது வாங்கினேன். பயனில்லை. போல்ட்டில் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். அப்போதும் அதே கதைதான். சரி, விலை கூடியதே வாங்கிவிடலாம் என்று, முதலில் நண்பரின், உள்சக்கரத்தில் 72 பல் உள்ள ராட்செட்டை இரவல் வாங்கி வந்தேன். இரண்டையும் காதருகே வைத்துச் சுற்றியபோதுதான் பிடிபட்டது. அவருடையது கணீரென்று 'டிக் டிக்' என்றது. என்னுடையதில் பஞ்சுக்குள் தட்டுவதுபோல மந்தமான சத்தம்.

தலைப்பகுதியின் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றினேன். உள்ளே வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸ், போன மாதம் நானே அடைத்தது. பல்லைக் கவ்வும் நாக்கு அதில் ஒட்டிக்கிடந்தது. சின்ன ஸ்பிரிங்கால் அதை முழுதாகத் தள்ள முடியவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். வழுக்கல் நின்றது, போல்ட்டும் இளகியது. அப்பாடா!

விலை கூடியது வேண்டுமா என்றால், இடுக்கில் வேலை செய்பவர்களுக்கு வேண்டும். என்னுடையதில் 24 பல். ஒரு பல் நகர கைப்பிடி 15 டிகிரி அசைய வேண்டும். 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். திறந்த இடத்து போல்ட்டுக்கு என்னுடையதே தாராளம்.

திறக்கும்போது கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்பிரிங் துள்ளி ஓடும்.