பியர்ஸ் நோய்: திராட்சைக் கொடியில் எதை, எப்போது பறித்துச் சோதிப்பது?

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஆற்றோரத் திராட்சைத் தோட்டங்களைக் கருக்கும் பியர்ஸ் நோய்க்குக் காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. கொடியின் நீர்க்குழாய்களுக்குள் வாழ்ந்து, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளால் பரவுகிறது. சோதனை பெரும்பாலும் கெடுவது ஆய்வகத்தில் அல்ல, மாதிரி பறிக்கும் இடத்தில்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பறியுங்கள். வசந்தத்தில் பறித்த தளிரில் பாக்டீரியா பெருகியிருக்காது. நோயுள்ள கொடிக்கும் ‘இல்லை’ என்றே முடிவு வரும்.

இலை ஓரம் கருகுவதை மட்டும் நம்பாதீர்கள், உப்பும் வறட்சியும்கூட அப்படிக் கருக்கும். இலை உதிர்ந்தபின் காம்பு மட்டும் தீக்குச்சிபோலத் தண்டில் நிற்கிறதா, பழுப்பேறிய தண்டில் பச்சைத் திட்டுகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

பாதி கருகிய இலைகளைக் காம்போடு, ஒரே கொடியின் பல கிளைகளிலிருந்து 10 முதல் 20 வரை எடுங்கள். முழுக்கச் சருகானது உதவாது. கொடிக்கொரு பை; வெயிலில் வைக்காமல் பனிப்பெட்டியில் போடுங்கள்.

ஆற்றங்கரையில் வளரும் காட்டுத் திராட்சையான வைட்டிஸ் கலிஃபோர்னிகாதான் சிக்கல். நோய்க்குறியே இல்லாமல் பாக்டீரியாவைச் சுமக்கும். அந்தப் பாக்டீரியாவும் கொடி முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. எனவே எல்லாப் பக்கத்திலிருந்தும் அடியிலுள்ள முற்றிய இலைகளைப் பறியுங்கள். பல கொடிகளின் இலைகளை ஒன்றாகக் கலந்தால் இருக்கிற கொஞ்சமும் நீர்த்துப்போகும். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததை வைத்து ஆற்றங்கரை சுத்தம் என்று எழுதிவிட முடியாது.

ஆய்வகத்தில் இலைப்பரப்பை ஒதுக்கிவிட்டு, காம்பும் நடுநரம்புமாக 0.5 முதல் 1 கிராம் எடுத்து நறுக்கி, செல்களை உடைத்து டி.என்.ஏ.வை வெளிக்கொணரும் சி.டி.ஏ.பி. கரைசல் 5 மி.லி.யில் அரையுங்கள். 65 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, குளோரோஃபார்மால் சுத்தம்செய்து டி.என்.ஏ.வைப் பிரியுங்கள். திராட்சையிலுள்ள பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள்கள், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையை முடக்கக்கூடியவை. அதனால் ஒவ்வொரு மாதிரியையும் அப்படியே ஒருமுறை, பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். கொடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே சோதியுங்கள். அதுவே தெரியவில்லையென்றால் அந்த ‘இல்லை’ செல்லாது. எதிர்ப்புரதத்தால் பாக்டீரியாவைக் கண்டறியும் எலைசா சோதனை மலிவு, குறி தெளிவாக உள்ள கொடிக்குப் போதும். காட்டுக்கொடிக்கு அதை நம்ப வேண்டாம்.

பி.சி.ஆர். செத்த பாக்டீரியாவையும் காட்டும். உயிருள்ளதா என்று அறிய, காம்பின் மேற்பரப்பைக் கிருமிநீக்கி, சாற்றைச் சைலெல்லாவை வளர்க்கும் பி.டி.2 ஊடகத்தில் இட்டு 28 டிகிரியில் வளருங்கள். இரண்டு நாளில் முளைக்கும் திரள் சைலெல்லா அல்ல. சைலெல்லா தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும், எனவே தட்டுகளை நான்கு வாரமாவது வைத்திருங்கள்.

கோடைப் பிற்பகுதியில் தொற்றிய கொடி குளிர்காலத்தில் தானே தேறிவிடுவதும் உண்டு. குறி லேசாக இருந்தால் உடனே பிடுங்காமல் அடையாளம் கட்டி, அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி சோதியுங்கள்.