பிசிஆர்2000-இல் பிரீசெட் சேமிக்கவும் பகிரவும் ஒரு குறிப்பு

பெரிங்கர் பிசிஆர்2000 (சின்தசைசர், இசை மென்பொருள் போன்றவற்றை நாப்களால் இயக்கும் மிடி கண்ட்ரோலர்) வைத்திருப்பவர்கள் அதன் 32 பிரீசெட்டையும், அதாவது சேமித்துவைத்த நாப் அமைப்புகளையும், பெட்டிக்குள்ளேயே விட்டுவைக்காமல் கணினியிலும் ஒரு நகல் எடுத்துவையுங்கள். காசு கொடுத்து மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை, விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரரியன், இரண்டும் இலவசம்தான். மென்பொருளைப் பதிவுக்குத் தயாராக வைத்துவிட்டு, கண்ட்ரோலரின் குளோபல் செட்டப்பில் (பொது அமைப்புகள்) போய் டம்ப் அனுப்பினால், அதாவது பிரீசெட் தரவை மொத்தமாக மிடி வழியே வெளியே அனுப்பினால், வந்து சேரும் தரவை அப்படியே எஸ்ஒய்எக்ஸ் (.syx) கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு அனுப்பும்போதுதான் கவனம் வேண்டும். எல்லா பிரீசெட்டும் அடங்கிய 'ஆல்' டம்ப்பை அனுப்பிவிட்டால் அவர் வைத்திருந்த எல்லா பிரீசெட்டும் அழிந்து உங்களுடையது உட்கார்ந்துவிடும், அப்புறம் நட்புக்கு நான் பொறுப்பில்லை. அதனால் ஒரே ஒரு பிரீசெட் உள்ள 'சிங்கிள்' டம்ப் மட்டும் அனுப்புங்கள். அது அவருடைய கருவியில் தற்காலிக நினைவகத்துக்குத்தான் போகும், நாப்களைத் திருகிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஸ்டோர் அழுத்தி, காலியான எண்ணைத் தேர்ந்து, மறுபடி ஸ்டோர் அழுத்தச் சொல்லுங்கள். ஏற்றும்போது பாதியில் நின்றால் மிடி-ஆக்ஸில் பஃபர்களுக்கு (துண்டு துண்டாகப் போகும் தரவுக்கு) இடையிலான தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோப்புடன் எந்த நாப் எந்த சிசி எண் (எதை மாற்றுகிறது என்று சொல்லும் மிடி எண்), எந்த மிடி சேனல் என்று நாலு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். வெறும் எஸ்ஒய்எக்ஸைத் திறந்து பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது.