பச்சைப் பலகையை ஃபேன் வைத்துக் காயவைக்க

மாமரத்தை அறுத்துக் கொண்டுவந்து கொட்டகையில் அடுக்கியிருந்தால் அன்றைக்கே ஒரு ஃபேனைப் போட்டுவிடுங்கள், காற்றில்லாமல் கிடந்தால் பச்சை மாம்பலகை சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். ஆனால் ஃபேன் மட்டும் போதாது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இல்லையென்றால் பலகை வளையும். ரீப்பர் காய்ந்ததாகவே இருக்கட்டும், பச்சைத் துண்டு பலகையில் கறையை இறக்கும்.

ஃபேனைப் பலகையின் முனையைப் பார்த்து வைக்காதீர்கள். முனைதான் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், அதனால் அறுத்த உடனே அங்கே பெயிண்டோ மெழுகோ தடவிவிட்டு, பக்கவாட்டிலிருந்து காற்று ரீப்பர் இடுக்குகளில் புகுந்து மறுபக்கம் வெளியேறும்படி குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். மறுபக்கம் உள்ளங்கையை நீட்டினால் மெல்லிய காற்று படவேண்டும், அது போதும். படவில்லையா, காற்று அடுக்குக்கு மேலாகத் தப்பிப் போகிறது, அந்த இடைவெளியில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிடுங்கள்.

வேகமாகக் காயட்டும் என்று முதல் வாரங்களில் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால், மேல்தோல் சுருங்கி உள்ளே ஈரம் நிற்க, பலகை முழுக்க மயிரிழை வெடிப்பு விழும். மேல் ஈரம் போன பிறகு ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை, உள்ளிருக்கும் ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும், அடைமழை நாட்களில் நிறுத்திவிடலாம். அப்புறம், அடுக்கிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து வாரம் ஒருமுறை எடை போட்டு அதன்மேலேயே பென்சிலால் எழுதிவாருங்கள், எடை குறைவது நின்ற பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.